இரைப்பைச் சுவருக்குள் ஒரு கட்டி



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘இரைப்பைப் புற்றுநோய்’ என்று அச்சாகிவிட்டது. அச்சகத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. இரைப்பையில் புற்று என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதன் உட்பரப்பான சளிப்படலத்தில் தோன்றுவதுதான். ஊரறிந்த நோய் அது. நான் பேச வந்தது, அதே உறுப்பில் பிறந்து, வேறு வழியில் வளர்ந்து, முற்றிலும் வேறொரு மருந்துக்குக் கட்டுப்படும் இன்னொரு கட்டியைப் பற்றி. இரைப்பைக் குடல் இடைத்திசுக் கட்டி என்பது முழுப்பெயர். மருத்துவமனை வராந்தாவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜிஸ்ட் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வரும் நோய். அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு இரைப்பையிலும், 30 விழுக்காடு சிறுகுடலிலும், மிச்சம் மலக்குடல், உணவுக்குழாய் போன்ற இடங்களிலும் தோன்றும். ஒரு சிறுநகர அறுவை மருத்துவருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் வராமலே போகலாம். வரும் அந்த ஒன்றை முதல் தடவை எப்படித் தொடுகிறோம், எப்படி வெட்டுகிறோம், அதைப் பற்றி என்ன எழுதி வைக்கிறோம் என்பதிலேயே நோயாளியின் அடுத்த பத்தாண்டு பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. நான் நோயியல் துறைக்காரன். நோயாளியைவிட அவருடைய ஸ்லைடைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே என் பேச்சு எழுதி வைப்பதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி எப்படி வருவார்? பெரும்பாலும் சோர்வோடு வருவார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, மலம் தார் போல் கறுத்துப் போகிறது என்பார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பாதியாக இறங்கியிருக்கும். சிலருக்கு வயிற்றில் கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளர்ந்த பிறகும் வலி இருக்காது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அகப்படுவதும் உண்டு. எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பைக்குள் வழவழப்பான ஒரு மேடு தெரியும். அதன் மேல் போர்த்தியிருக்கும் சளிப்படலம் பெரும்பாலும் மாசு மருவில்லாமல் இருக்கும். இரத்தம் கசிந்தவர்களுக்கு மட்டும் மேட்டின் உச்சியில் சிறு குழியாகப் புண் இருக்கும்.

வழக்கப்படி இடுக்கியால் அங்கே நாலு கிள்ளு கிள்ளி எங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாங்களும் பார்த்து, ‘நாட்பட்ட இரைப்பை அழற்சி, ஹெலிகோபாக்டர் கிருமி உள்ளது, புற்று இல்லை’ என்று எழுதி அனுப்புகிறோம். எழுதியதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. ஆனால் கோரைப்பாய்க்கு அடியில் தேங்காய் உருண்டு கிடக்கும்போது, பாயில் இரண்டு கோரையை உருவிப் பார்த்துவிட்டுத் தேங்காயைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதற்கு ஒப்பான வேலை அது. கட்டி சளிப்படலத்துக்குக் கீழே, தசையடுக்கில் இருக்கிறது. அறிக்கையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன நோயாளி, ஓராண்டு கழித்து இரத்த வாந்தியோடு திரும்பி வருவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு வழி, எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவி. அதில் இரைப்பைச் சுவர் வெளுப்பும் கறுப்புமாக ஐந்து அடுக்காகத் தெரியும். நான்காவது கறுப்பு அடுக்கு தசை. கட்டி அதிலிருந்து கிளம்புகிறதென்றால் ஜிஸ்ட் என்ற எண்ணம் வலுக்கிறது. தசைக்கட்டியும் நரம்புறைக் கட்டியும் அதே அடுக்கில் அதே சாயலில் வரக்கூடும் என்பதால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்தக் கருவி வழியாகவே ஊசி செலுத்தித் திசு எடுக்கலாம். எல்லோருக்கும் எடுக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். சி.டி. ஸ்கேனில் அடையாளம் தெளிவாக இருந்து, எளிதாக முழுமையாக அகற்றக்கூடிய இடத்திலும் இருந்தால், அறுவையே பயாப்சி. உணவுக்குழாய் சேரும் இடத்தில் பெரிய கட்டி, முதலில் மாத்திரை கொடுத்துச் சுருக்கிவிட்டு வெட்ட வேண்டும் என்ற நிலை, அல்லது நிணநீர்ப் புற்றோ என்ற ஐயம், இவற்றில் ஊசி கட்டாயம். வயிற்றுத் தோல் வழியாகக் குத்துவதைவிட இரைப்பைக்குள்ளிருந்து குத்துவது நல்லது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை. நான் படித்த காலத்துப் பாடநூலில் இந்தக் கட்டியே கிடையாது. கதிர் வடிவச் செல்கள் கற்றை கற்றையாக ஓடும் இரைப்பைக் கட்டியைக் கண்டால் மென்தசைக் கட்டி என்று எழுதுவோம். கொஞ்சம் முரடாகத் தெரிந்தால் மென்தசைப் புற்று. எது திரும்ப வரும், எது வராது என்று அந்தப் பெயர்களை வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. சாதுவென்று எழுதியது கல்லீரலுக்குப் பரவியது, கொடியதென்று எழுதியவர் இருபது ஆண்டு நலமாக இருந்தார். 1983-இல் மசூரும் கிளார்க்கும் இரைப்பைக் கட்டிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இவற்றில் பெரும்பாலானவற்றில் தசையின் அடையாளங்களே இல்லை என்று காட்டினார்கள். தசையில்லை, முழுக்க நரம்புமில்லை. அப்படியானால் எதிலிருந்து வந்தது?

விடை நூறாண்டுக்கு முந்தைய ஒரு சித்திரத்தில் இருந்தது. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ரமோன் இ கஹால், நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906-இல் கோல்ஜியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், குடல் சுவரில் நரம்புக்கும் தசைக்கும் இடையே கிளை விரித்துக் கிடக்கும் ஒருவகைச் செல்களை வரைந்து வைத்திருந்தார். அவை பழமையான நரம்புச் செல்கள் என்பது அவர் கணிப்பு. உண்மையில் குடலின் அசைவுக்குத் தாளம் போடுபவை அவைதான் என்பது 1990-களில் உறுதியாயிற்று. கிட் என்ற மரபணு பழுதான எலிகளில் அந்தச் செல்கள் குறைந்து, குடலின் தாளமும் கெட்டிருந்தது. இதே எலிகளில் வேறொரு குறையும் உண்டு. மாஸ்ட் செல்கள் இல்லை. அதை ஜப்பானில் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தவர் யுகிஹிகோ கிட்டமுரா. அவர் குழுவில் இருந்த செய்ச்சி ஹிரோட்டா, ஜிஸ்ட் கட்டிகளில் அதே கிட் மரபணு திரிந்திருப்பதை 1998-இல் வெளியிட்டார். குடலுக்குத் தாளம் போடும் அந்தச் செல்களின் வழியில் வந்ததே ஜிஸ்ட் என்பது விடை. மாஸ்ட் செல்லைத் தேடப் போன பாதை இரைப்பைக் கட்டியில் வந்து முடிந்தது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த அவையில் இருந்தால் இந்தத் திருப்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கிட் என்பது செல்லின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து அதற்குரிய மூலக்கூறு வந்து ஒட்டினால் மட்டுமே ‘வளர், பிளவுபடு’ என்று உள்ளே செய்தி அனுப்பும். மரபணு திரிந்தால் எதுவும் வந்து ஒட்டாமலே ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலான ஜிஸ்ட் கட்டிகளின் வளர்ச்சி முழுவதும் இந்த ஒற்றைப் பிழையைத் தொற்றி நிற்கிறது. சி.டி.117 என்று நாங்கள் சாயமேற்றிப் பார்ப்பது இந்தப் புரதத்தைத்தான். அதே ஸ்லைடில் ஓரமாகச் சிதறிக்கிடக்கும் மாஸ்ட் செல்களும் பழுப்பேறியிருக்கின்றனவா என்று பாருங்கள், தம்பிகளே. அவை ஏறவில்லை என்றால் சாயத்தில் கோளாறு. 2004-இல் டாக்-1 என்ற இன்னொரு சாயமும் வந்தது. கிட் சாயம் பிடிக்காத ஐந்து விழுக்காட்டில் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதே சமயத்தில் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் ஒருவகை இரத்தப் புற்றுக்காக ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தது. இமாடினிப். அது தடுக்கும் புரதங்களின் வரிசையில் கிட்டும் இருந்தது. பின்லாந்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர்; 1996-இல் இரைப்பைக் கட்டிக்காக அறுவை, பிறகு மீண்டும் மீண்டும் அறுவை, கல்லீரல் முழுக்கப் பரவல், கீமோதெரபி எதுவும் எடுபடவில்லை. 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஹெய்க்கி யோவென்சூ அவருக்கு இந்த மாத்திரையைத் தொடங்கினார். ஒரு மாதத்தில் எடுத்த பெட் ஸ்கேனில் கட்டிகள் இருந்த இடத்தில் ஒளிர்வே இல்லை. ஒரே ஒரு நோயாளியின் கதையாக 2001-இல் அது அச்சில் வந்தது. அடுத்து 147 பேரிடம் சோதித்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி தெளிவாகச் சுருங்கியது. 2002 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மரபணுப் பிழையைக் கண்டுபிடித்த கட்டுரைக்கும் மருந்து அனுமதிக்கும் இடையே நான்கே ஆண்டு. பரவிய ஜிஸ்டோடு ஒன்றரை ஆண்டு வாழ்ந்தாலே அதிகம் என்றிருந்த இடத்தில், ஐந்தாண்டு என்பது நடுத்தர நிலை ஆனது.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். அகற்றிய கட்டி திரும்ப வருமா என்பதை நான்கு செய்திகள் சொல்கின்றன: எங்கே தோன்றியது, எவ்வளவு பெரிது, எத்தனை செல்கள் பிளவுபட்டுக்கொண்டிருக்கின்றன, அறுவைக்கு முன்போ அறுவையிலோ கட்டி உடைந்ததா. மியெட்டினென், லசோட்டா என்ற இருவர் அமெரிக்கப் படைத்துறை நோயியல் நிறுவனத்தில் சேர்ந்திருந்த கட்டிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கிட்டார்கள். 5 முதல் 10 செ.மீ. வரையான கட்டி, பிளவு எண்ணிக்கை ஐந்துக்குள்: இரைப்பையில் என்றால் பரவும் வாய்ப்பு 3.6 விழுக்காடு, நடு, கடைச் சிறுகுடலில் என்றால் 24. இரைப்பையிலேயே அதே அளவுக் கட்டியில் பிளவு எண்ணிக்கை ஐந்தைத் தாண்டினால் 55. ஆகவே ‘டாக்டர், இது கேன்சரா?’ என்று நோயாளி கேட்டால் ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. எண்ணிச் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய நூல்களில் ‘உயர் உருப்பெருக்கத்தில் 50 புலங்களில் எண்ணுக’ என்றிருக்கும். அந்தக் காலத்து நுண்ணோக்கியில் 50 புலம் சேர்ந்தால் 5 சதுர மில்லிமீட்டர். இன்றைய அகன்ற கண்ணாடியில் இருபது, இருபத்தைந்து புலத்திலேயே அந்தப் பரப்பு வந்துவிடுகிறது. விவரம் தெரியாமல் இன்றும் 50 எண்ணினால் பரப்பு இரட்டிப்பாகிறது, மூன்று பிளவு ஆறாகிறது, நோயாளி மூன்றாண்டு மாத்திரைக்குள் தள்ளப்படுகிறார். உங்கள் நுண்ணோக்கியின் புல விட்டத்தை ஒரு முறை அளந்து சுவரில் ஒட்டி வையுங்கள். அறிக்கையில் ‘5 சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை’ என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அறுவை அரங்கைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கை கொள்ளாத கட்டியைச் சின்ன டப்பாவில் திணித்து, மேலே நாலு சொட்டு ஃபார்மலினைத் தெளித்துச் சனிக்கிழமை மாலை அனுப்பும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. திங்கட்கிழமை நாங்கள் திறக்கும்போது நடுப்பகுதி கூழாகியிருக்கும். கூழில் செல் பிளவை எண்ண முடியாது, மரபணுவும் சிதைந்திருக்கும். கட்டியின் பருமனைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும், அமிலத்தன்மை சீர்செய்யப்பட்ட பத்து விழுக்காட்டுக் கரைசலாக இருக்க வேண்டும்.

அறுவையைப் பற்றி நான் அதிகம் பேசுவது முறையில்லை. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சுவரோடு சேர்த்து வெட்டினால் போதும். பெரும்பாலும் இரைப்பை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. இது நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே போகும் என்பதால் சாதாரண இரைப்பைப் புற்றில் செய்வதுபோல் கணுக்களை வாரி எடுக்கவும் தேவையில்லை. கட்டியின் மேலுறை மெல்லியது. கிழிந்தால் செல்கள் வயிற்றறை எங்கும் சிந்தி அங்கங்கே முளைக்கும். தோல் வழியே ஊசி போடத் தயங்குவதும், லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் பைக்குள் போட்டு வெளியே எடுப்பதும் இதற்காகத்தான். உடைந்திருந்தால் அதை அறுவைக் குறிப்பில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி வேறெல்லாக் கணக்கையும் மாற்றி, நோயாளியை உயர் அபாயப் பிரிவில் சேர்த்துவிடும்.

உயர் அபாயம் என்றால் அறுவைக்குப் பின் நாள்தோறும் 400 மில்லிகிராம் இமாடினிப், மூன்றாண்டு. ஓராண்டு போதுமா, மூன்றாண்டு வேண்டுமா என்று ஸ்காண்டிநேவியாவிலும் ஜெர்மனியிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தாண்டு முடிவில் மூன்றாண்டு உட்கொண்டவர்களில் 79 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், ஓராண்டுக்காரர்களில் 65. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்காலில் குரக்குப் பிடிக்கும். முடி கொட்டாத கேன்சர் மருந்தா என்று வீட்டார் நம்ப மறுப்பார்கள். நோய் பரவியவர்களுக்கு மூன்றாண்டு என்ற கணக்கில்லை, பலன் தரும்வரை தொடர வேண்டும். நன்றாக இருக்கிறோமே என்று நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியதைப் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

இங்கே கதிரியக்கத் துறையினருக்கு ஒரு வார்த்தை. மாத்திரை வேலை செய்யும்போது கட்டி சுருங்கத்தான் வேண்டும் என்பதில்லை. உள்ளே இறந்து நீர்கோத்து, சில வேளை முன்னைவிடப் பெரிதாகவும் தெரியும். அளவை மட்டும் பார்த்து ‘நோய் முற்றுகிறது’ என்று எழுதினால் பலிக்கிற மருந்தை நிறுத்திவிடுவார்கள். சி.டி.யில் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஹூஸ்டனில் ஹேசூன் சோய் வகுத்த அளவுகோல் இருக்கிறது, அதைக் கையாளுங்கள்.

எல்லா ஜிஸ்டும் ஒரே பிழையால் வருவதில்லை. கிட் மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் பிழை இருப்பவைதான் மிகுதி. இவை இமாடினிபுக்கு நன்றாக அடங்கும். 9-ஆம் எக்ஸானில் இருந்தால், அது பெரும்பாலும் சிறுகுடல் கட்டி, பரவிய நிலையில் 800 மில்லிகிராம் கேட்கும். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்ற இன்னொரு மரபணுவில் டி842வி எனப்படும் பிழை இருந்தால் இமாடினிப் வீண். இந்த வகை பெரும்பாலும் இரைப்பையில்தான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். மரபணுவைப் பார்க்காமல் மாத்திரை தொடங்கினால், ஒரு பயனும் இல்லாமல் மூன்றாண்டு கண் வீங்கிக்கொண்டிருப்பார் அந்த நோயாளி. பரிசோதனைக்குச் செலவாகிறதே என்று தயங்குபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு சிறு பிரிவு, எஸ்.டி.எச். என்ற நொதி செயலிழந்த கட்டிகள். பெரும்பாலும் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும், இரைப்பையில் மட்டுமே, பல முடிச்சுகளாக வரும். மேலே சொன்ன விதிகளில் பலவற்றை இது மதிப்பதில்லை. நிணநீர்க் கணுவுக்குப் போகும், செல் பிளவு எண்ணிக்கைக்கும் போக்குக்கும் தொடர்பிருக்காது, இமாடினிப் பெரிதாக எடுபடாது. கல்லீரலுக்குப் பரவிய பிறகும் பல ஆண்டு மெதுவாகவே நகரும் என்பது ஓர் ஆறுதல். பலரிடம் குடும்ப வழிப் பிழை இருக்கும் என்பதால் மரபணு ஆலோசனை தேவை. முப்பது வயதுக்குட்பட்டவரின் இரைப்பை ஜிஸ்ட் என்றால் எஸ்.டி.எச்.பி. சாயம் போடாமல் அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.

மருந்தின் விலையைப் பேசாமல் இந்த ஊரில் இந்தச் சொற்பொழிவை முடிக்க முடியாது. இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் அதை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், சிகிச்சைப் பயனைக் கூட்டினாலொழிய, கண்டுபிடிப்பாகாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அப்போது நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய், உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை பத்தாயிரத்துக்குள். நிறுவனம் பலருக்கு இலவசமாகக் கொடுத்துவந்ததையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒருவரின் நற்குணத்தை நம்பி மூன்றாண்டு வாழ்வதும், மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கி வாழ்வதும் ஒன்றல்ல. டி842வி பிழைக்கென்று 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவாப்ரிடினிப் போன்ற புதிய மருந்துகளில் அதே விலைச் சிக்கல் மறுபடி நிற்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பயந்துபோயிருக்கும் பொதுமக்களுக்காக ஒன்று. ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்காக அகற்றிய 100 இரைப்பைகளை நுணுகி வெட்டிப் பார்த்ததில் 35-இல் மில்லிமீட்டர் அளவு ஜிஸ்ட் விதைகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வளர்வதே இல்லை. இரைப்பையில் 2 செ.மீ.க்குக் குறைவாக, விளிம்பு சீராக, தொல்லை தராமல் ஒன்று தென்பட்டால் உடனே கத்தி எடுக்க வேண்டியதில்லை. குறித்த இடைவெளியில் பார்த்துவந்தால் போதும்.

மாணவர்களுக்கு வேறொன்று. நோய் ஆறேழு ஆண்டு கழித்தும் திரும்பும். அன்றைக்கு மரபணுச் சோதனைக்கு முதல் கட்டியின் மெழுகுக் கட்டைதான் வேண்டும். அதைத் தேடிப் போனால் எலி கடித்த பதிவேடும் எண் அழிந்த இழுப்பறையுமாக இருக்கும் துறைகள் இன்றும் உள்ளன. நோயாளி கேட்டால் ரசீது எழுதிக் கட்டையைக் கொடுத்துவிடுங்கள். கேட்காதவர்களுடையதை எண் தெரியும்படி அடுக்கி வையுங்கள். உங்கள் துறையில் 2015-ஆம் ஆண்டுக் கட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று நாளைக் காலை போய்ப் பாருங்கள். இனி கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.